எட்டுப் பேர் போதுமா? நம் பல்கலைக்கழக விளையாட்டு ஆய்வுகளைப் படிக்கும் முறை

திடலில் பயிற்சி முடிந்து பிள்ளைகள் மூச்சுவாங்க உட்காரும் நேரத்தில் பெற்றோர் யாராவது ஒருவர் சொல்வார்: “ஐசோடானிக் பானமெல்லாம் எதற்கு? இளநீர்தான் சிறந்தது என்று நம் நாட்டு ஆய்வாளர்களே கண்டுபிடித்துவிட்டார்களே!” இதில் பாதி உண்மை. அப்படி ஓர் ஆய்வு இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் செய்த அந்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. ஆனால் அது சொன்ன முடிவு வேறு.

உடல்நலமுள்ள எட்டு ஆண்கள் 31 டிகிரி செல்சியஸ் சூட்டில் உடற்பயிற்சி செய்தார்கள். உடல் எடையில் ஏறத்தாழ 2.8 விழுக்காடு வியர்வையாகப் போகும்வரை அவர்களை நிறுத்தவில்லை. பிறகு குளிர்ந்த அறையில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, இழந்த நீரின் அளவில் 120 விழுக்காடு குடிக்கக் கொடுத்தார்கள். ஒரு நாள் இளநீர், இன்னொரு நாள் ஐசோடானிக் போலச் சர்க்கரையும் உப்பும் சேர்ந்த விளையாட்டு பானம், மற்றொரு நாள் வெறும் தண்ணீர். இழந்த எடையில் திரும்பி வந்தது இளநீரில் 75 விழுக்காடு, பானத்தில் 80, தண்ணீரில் 73. புள்ளியியல் கணக்கின்படி இந்த மூன்றுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இளநீருக்குத் தனியாகக் கிடைத்த நற்சான்று ஒன்றுதான்: குமட்டலும் வயிறு முட்டிய உணர்வும் குறைவு, அதனால் நிறையக் குடிப்பது எளிது.

எட்டே பேர். இந்த எண்ணைக் கேட்டதும் சிலர் சிரிக்கிறார்கள். வேறு சிலரோ எண்ணைக் கேட்காமலேயே முடிவை நம்பிவிடுகிறார்கள். இரண்டும் தவறு என்பதே என் கருத்து. நம் நாட்டில் விளையாட்டு அறிவியல் படிக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் செய்யும் இறுதியாண்டு ஆய்வுகளும் முதுகலை ஆய்வுகளும் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கின்றன. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு, உடற்பயிற்சி அறிவியலுக்கென்றே ஒரு புலம் இயங்குகிறது. பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு கிளந்தானின் குபாங் கெரியான் வளாகத்தில் நடக்கிறது. பினாங்குப் பிள்ளைகள் அதற்காகத் தீபகற்பத்தின் மறுகரைக்குப் போக வேண்டும். இந்த மாணவர்களின் சின்ன ஆய்வுகளை நாம் பொருட்படுத்த வேண்டியதற்கு வலுவான காரணம் உண்டு. நம் பயிற்றுநர்கள் அன்றாடம் பயன்படுத்தும் எண்களில் பெரும்பகுதி வேறு நாட்டு உடல்களில், வேறு நாட்டுக் காற்றில் அளக்கப்பட்டவை. அவை இங்கே பொருந்துகின்றனவா என்று சோதித்துப் பார்க்கும் இடம் நம் ஊர் ஆய்வுக்கூடங்கள். அங்கே அளவுகோலைக் கையில் பிடித்திருப்பவர் பெரும்பாலும் ஒரு மாணவர்.

ஒருவரை அவரோடே ஒப்பிடுவது

இளநீர் ஆய்வில் எட்டுப் பேரை மூன்று கூட்டமாகப் பிரிக்கவில்லை. ஒவ்வொருவரும் மூன்று பானத்தையும் வெவ்வேறு நாளில் குடித்தார்கள். சிறிய ஆய்வுக்கு உயிர் கொடுப்பது இதுதான். மனிதருக்கு மனிதர் வேறுபாடு மிகப் பெரிது. ஒருவருக்கு வியர்வை ஊற்றும். இன்னொருவருக்குச் சட்டை நனையவே அரை மணி நேரமாகும். ஒருவரின் சிறுநீரகம் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இன்னொருவர் குடித்ததெல்லாம் உடனே வெளியேறிவிடும். இளநீர் குடிக்க ஒரு கூட்டம், தண்ணீர் குடிக்க இன்னொரு கூட்டம் என்று பிரித்தால், பானத்தின் சின்ன விளைவைத் தேடுவது மேளச் சத்தத்துக்கு நடுவே பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பதைக் கேட்க முயல்வதைப் போலாகிவிடும். ஒரே ஆளை அவரோடே ஒப்பிடும்போது அந்தச் சத்தத்தின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. அதனால்தான் கூட்டம் பிரித்துச் செய்யும் ஆய்வில் நாற்பது பேர் தேவைப்படும் கேள்விக்கு, இந்த முறையில் சில வேளைகளில் பத்துப் பேரே போதுமானதாக இருக்கும்.

இதற்கும் நிபந்தனைகள் உண்டு. எந்தப் பானம் முதலில் வரும் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது முறை ஓடும்போது கிடைத்த பழக்கமும் தன்னம்பிக்கையும் மூன்றாவது பானத்தின் கணக்கில் வரவாகிவிடும். இரண்டு அமர்வுகளுக்கு நடுவே உடல் பழைய நிலைக்குத் திரும்பப் போதுமான நாள் விட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், மூச்சை அளக்கும் முகமூடி மாட்டிக்கொண்டு டிரெட்மில்லில் ஓடிப் பழகிக்கொள்ள, கணக்கில் சேராத ஓர் அமர்வு நடத்த வேண்டும். முகத்தை இறுக்கும் முகமூடிக்குள் முதன்முதலாக ஓடுகிறவரின் இதயத் துடிப்பில் ஒரு பங்கு பயத்தால் வருவது. ஒரு மாணவரின் ஆய்வேட்டைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது முடிவுகள் அத்தியாயத்தை அல்ல. இந்தப் பழக்க அமர்வு நடந்ததா என்பதைத்தான்.

எண்ணிக்கை ஏன் கூடுவதில்லை என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. பழக்க அமர்வோடு சேர்த்து ஓர் ஆள் நான்கு முறை வர வேண்டும். எட்டுப் பேர் என்றால் 32 அமர்வுகள். ஓர் அமர்வுக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தாலும் 96 மணி நேரம். ஒரு பருவத்துக்கு 14 வார வகுப்பு. அதற்குள், மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுகளைச் சரிபார்க்கும் நெறிக்குழுவின் அனுமதி வர வேண்டும், கருவி வேறு மாணவரிடம் இல்லாத நேரமாகவும் இருக்க வேண்டும், பங்கேற்பாளர் காய்ச்சலில் படுக்காமலும் இருக்க வேண்டும். எட்டுப் பேரோடு முடித்தவர் சோம்பேறி என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆனால் எட்டுப் பேரால் சொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது. ‘வேறுபாடு தெரியவில்லை’ என்று எழுதலாம்; ‘மூன்றும் ஒன்றே’ என்று எழுத முடியாது. 73-க்கும் 80-க்கும் நடுவே உள்ள இடைவெளி உண்மையானதாகவே இருக்கலாம். அதைப் பிரித்தறியும் கூர்மை எட்டுப் பேர் கொண்ட ஆய்வுக்கு இல்லாமல் போயிருக்கலாம். அதே பல்கலைக்கழகத்தினர் 2007-இல் வெளியிட்ட தொடர் ஆய்வில் பத்து ஆண்களைக் கொண்டு, சோடியம் சேர்த்த இளநீரையும் சோதித்தார்கள். நீரை மீட்பதில் அது விளையாட்டு பானத்துக்கு ஈடு கொடுத்தது; குடிப்பதற்கும் எளிதாக இருந்தது. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. இளநீரில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது, சோடியம் குறைவு. வியர்வையில் முதன்மையாகப் போவது சோடியம். குடித்த நீரை உடலுக்குள் நிறுத்திவைப்பதும் அதுவே. இளநீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடிப்பவருக்கு இந்த ஆய்வு ஓரளவு துணை நிற்கிறது. திடலோரத்துப் பெற்றோர் சொன்ன ‘சிறந்தது’ என்ற சொல்லுக்குத்தான் துணை நிற்கவில்லை.

மாணவர் ஆய்வுகளில் நான் மிகவும் கவலைப்படும் குறை வேறு. எண்ணிக்கை குறைவு என்பதைவிட, அளவுகள் மிக அதிகம் என்பதே பெரிய ஆபத்து. கையில் கருவி இருக்கிறது என்பதற்காக இதயத் துடிப்பு, லாக்டேட் (கடும் உழைப்பில் இரத்தத்தில் கூடும் பொருள்), தாவும் உயரம், கைப்பிடி வலு, தூக்கம், மனநிலை என்று இருபது அளவுகள் எடுத்துவிடுகிறார்கள். தற்செயலாகத் தவறான ‘வெற்றி’ வர 5 விழுக்காடு இடம் கொடுக்கும் வழக்கமான வரம்பில் இருபது தனித்தனிச் சோதனை செய்தால், உண்மையில் எந்த விளைவும் இல்லாதபோதும், ஏதேனும் ஒன்றாவது ‘வெற்றி’ காட்டுவதற்கு 64 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒன்றைத் தலைப்பாக்கினால் ஆய்வேடு அழகாக இருக்கும். உண்மை காணாமல் போய்விடும். எதை அளக்கப் போகிறோம், எது முதன்மை அளவு என்பதைத் தரவு கைக்கு வருமுன் எழுதிவைத்துவிட்ட மாணவரை நம்பலாம். ‘வேறுபாடு இல்லை’ என்று முடித்த ஆய்வேட்டுக்கும் நல்ல மதிப்பெண் போடும் மேற்பார்வையாளர் அமைந்துவிட்டால் இன்னும் நல்லது.

பங்கேற்பவரின் நம்பிக்கையும் அளவை மாற்றும். காப்பியில் இருக்கும் காஃபீன் விளையாட்டுத் திறனைக் கூட்டும் என்பது உறுதியான முடிவு. உடல் எடை ஒரு கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் வரை என்பது ஆய்வுகளில் வழக்கமான அளவு. 2004 முதல் அது தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலிலும் இல்லை. ஆனால் 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், காஃபீன் எடுத்துக்கொண்டதாக நம்பவைக்கப்பட்ட சைக்கிளோட்டிகள் வெறும் மாத்திரையிலேயே கூடுதல் விசையோடு மிதித்தார்கள். ஆகவே ‘கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) குடித்துவிட்டு ஓடினால்’ என்று ஒரு மாணவர் ஆய்வு செய்தால், ஓடியவருக்குத் தாம் குடித்தது தெரியுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. மணமும் கசப்பும் காட்டிக்கொடுக்காத உறைமாத்திரையில் கொடுத்திருந்தால் நம்பலாம்.

காற்றில் இருக்கும் ஈரம்

இளநீர் ஆய்வின் அறையில் வெப்பம் 31 டிகிரி, ஈரப்பதம் 51 விழுக்காடு. நம் ஊரில் ஓடுகிறவர்களுக்கு அந்த இரண்டாவது எண் உறுத்த வேண்டும். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடுவதும் தாண்டுவதும் சாதாரணம். உடல் சூட்டைத் தணிப்பது வியர்வை வடிவதால் அல்ல, அது ஆவியாவதால். ஒரு லிட்டர் வியர்வை முழுமையாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். முழங்கையிலிருந்து சொட்டித் தரையில் விழும் வியர்வையால் பயனில்லை. நீர் போகிறது, சூடு உள்ளேயே நிற்கிறது. பினாங்குப் பாலம் மாரத்தான் நள்ளிரவு கடந்ததும் தொடங்குவது வெயிலிலிருந்து காப்பாற்றுகிறது. ஆனால் வெப்பம் மிகக் குறைந்த அந்த நேரமே ஈரப்பதம் மிகுந்த நேரமும் கூட. சூரியன் இல்லை என்ற தெம்பில் முதல் பத்து கிலோமீட்டரை வேகமாக ஓடிவிட்டவர்கள் பாலத்தின் மேல் தள்ளாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஈரத்தைக் கணக்கில் கொண்டுவர ஒரு சூத்திரம் உண்டு. 1950-களில் அமெரிக்கக் கடற்படைப் பயிற்சி முகாமில் வீரர்கள் வெப்பத்தால் மயங்கி விழுந்ததைத் தடுக்க உருவாக்கப்பட்டது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவுக்கு 0.7 பங்கு, வெயிலை வாங்கும் கருங்கோளத்துக்குள் இருக்கும் வெப்பமானியின் அளவுக்கு 0.2 பங்கு, சாதாரண வெப்பமானிக்கு வெறும் 0.1 பங்கு. கைப்பேசியில் நாம் பார்க்கும் ‘இன்று 33 டிகிரி’ என்பதற்கு இதில் பத்தில் ஒரு பங்கு மதிப்புதான். சாதாரண வெப்பமானி 3 டிகிரி ஏறினால் சூத்திரத்தின் விடை 0.3 ஏறும், ஈரத்துணி வெப்பமானி அதே 3 டிகிரி ஏறினால் விடை 2.1 ஏறும். பள்ளி விளையாட்டுப் போட்டியைத் தள்ளிப்போடுவதா என்று முடிவு செய்ய இந்த அளவைக் காட்டும் கருவி ஒன்று போதும். தமிழ்ப்பள்ளித் திடல்களில் இந்த அளவை ஓர் ஆண்டு முழுவதும், காலை எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் எடுத்துக் குறித்துவைக்கும் மாணவ ஆய்வு எனக்கு மிகவும் வேண்டியது. அதற்கு டிரெட்மில்லும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்.

வியர்வை இழப்பை அளப்பதும் அவ்வளவு எளிதுதான். ஆனால் கவனம் கேட்கும் வேலை. ஓடுவதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, மிகக் குறைந்த உடையில், 50 அல்லது 100 கிராம் வரை காட்டும் தராசில் ஏற வேண்டும். குடிக்கப் போகும் பாட்டிலைத் தனியே நிறுத்து, அதில் பெயர் எழுதி ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் இடையில் நண்பர் ஒருவர் இரண்டு வாய் குடித்திருப்பார். ஓடி முடித்ததும் தண்ணீர் குடிக்க விடாமல், துண்டால் தலைமுடி முதல் கணுக்கால் வரை துடைத்துவிட்டு, நனைந்த சட்டையையும் காலுறையையும் கழற்றிவிட்டு மறுபடி நிறுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பல ஆய்வுகள் சறுக்குகின்றன. நனைந்த டி-ஷர்ட்டும் காலுறையும் பிடித்துவைத்திருக்கும் வியர்வையே சில நூறு கிராம் வரும். எடுத்துக்காட்டாக, ஒரு மணி நேரம் ஓடிய ஒருவர் 62.4 கிலோவில் தொடங்கி 61.2 கிலோவில் முடித்து, நடுவே 0.3 லிட்டர் குடித்திருந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் அவர் இழந்தது 1.5 லிட்டர். இதே ஆளை ஈரப்பதம் வேறான மூன்று நாள்களில் இப்படி அளந்தால், எவ்வளவு குடிக்க வேண்டும் என்று அவருக்கே உரிய எண் கிடைத்துவிடும்.

அந்த எண் ஏன் முக்கியம் என்றால், அதிகமாகக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்த மாதிரி கொடுத்த 488 ஓட்டக்காரர்களில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியிருந்தவர்களிடம் அந்தக் குறைவு தெளிவாகத் தெரிந்தது. ‘எவ்வளவு முடியுமோ அவ்வளவு குடி’ என்று இன்னும் சொல்லும் பயிற்றுநர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நாம் வெயிலில் பிறந்தவர்கள், நமக்கு இதெல்லாம் பழக்கம் என்ற பேச்சும் அடிக்கடி வரும். 1998-இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையோட்டத்தில் தங்கம் வென்றவர் நம் ஜி. சரவணன். நான்கு மணி நேரத்துக்கும் மேல் இந்த ஈரக் காற்றில் நடந்து வென்றார். அந்த வெற்றியை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் பழக்கம் என்பது பிறப்போடு முடிவதில்லை. வெப்பத்தில் 7 முதல் 14 நாள் தொடர்ந்து பயிற்சி செய்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், இதயத் துடிப்பு இறங்கும், வியர்வை முன்னதாகவே தொடங்கும், அதில் உப்பு குறையும். பயிற்சியை விட்டால் சில வாரங்களில் இவை கரைந்துவிடும். குளிர்சாதன வகுப்பறை, குளிர்சாதன ரயில், குளிர்சாதன உடற்பயிற்சிக்கூடம் என்று வாழும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மாணவருக்கும், நாள் முழுவதும் வெளியில் வேலை செய்யும் அவர் மாமாவுக்கும் ஒரே பழக்கம் இருக்குமா? நம் ஊரில் இருந்துகொண்டு கேட்கத் தக்க நல்ல ஆய்வுக் கேள்வி இது.

காற்று இன்னொரு வகையிலும் எண்ணை மாற்றும். நம் நாட்டு விரைவோட்டக்காரர் மணி ஜெகதீசன் 1968 மெக்சிகோ சிட்டி ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 49 ஆண்டுகள் நின்றது. 2017-இல்தான் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் 20.90 விநாடியில் அதை முறியடித்தார். மெக்சிகோ சிட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைவு, விரைவோட்டக்காரரைத் தடுக்கும் எதிர்ப்பும் குறைவு. இதனால் ஜெகதீசனின் பெருமை ஓர் இம்மியும் குறையாது. மருத்துவப் படிப்புக்கு நடுவே பயிற்சி செய்து, 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம் வென்றவர் அவர். ஆனால் கடல்மட்டத்தில் ஓடும் இன்றைய இளைஞரின் நேரத்தை அந்த எண்ணோடு வைத்துப் பேசும்போது உயரத்தையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

வெளிநாட்டில் பிறந்த சூத்திரங்கள்

இதயத் துடிப்பின் உச்சத்தை அறிய, 220-இலிருந்து வயதைக் கழி என்று உடற்பயிற்சிக்கூடச் சுவர்களில் எழுதியிருக்கிறார்கள். 1971-இல் வெளியான ஒரு கட்டுரையில், அங்குமிங்குமாகக் கிடைத்த தரவுகளைத் தொகுத்துக் கண்ணளவாகப் போட்ட கோடு அது. 2001-இல் 351 ஆய்வுகளைத் திரட்டிச் செய்த கணக்கு, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்கச் சொல்கிறது. இருபது வயதுக்காரருக்கு முதல் சூத்திரம் 200 என்றும் இரண்டாவது 194 என்றும் காட்டும். இரண்டிலுமே தனி மனிதரின் உண்மையான உச்சம் பத்துத் துடிப்பு மேலேயோ கீழேயோ இருப்பது மிக இயல்பு. பயிற்சித் தீவிரத்தை இந்த எண்ணின் விழுக்காடாக எழுதித் தரும் பயிற்றுநர், தம் ஓட்டக்காரரைப் பல்கலைக்கழகத்து மாணவ ஆய்வு ஒன்றுக்கு அனுப்பிவைத்தால், உண்மையான உச்சத் துடிப்பு அளந்து கையில் வரும். ஆய்வில் பங்கேற்பதால் திடலுக்கு வரும் நேரடிப் பயன்களில் இது முதன்மையானது.

உடல் கொழுப்பு விழுக்காட்டின் கதை இன்னும் தெளிவானது. மேற்கையின் முன்புறம், பின்புறம், தோள்பட்டை எலும்பின் அடி, இடுப்பெலும்பின் மேல் என்று நான்கு இடங்களில் தோல்மடிப்பைக் கிள்ளி, இடுக்கிக் கருவியால் தடிமனை அளந்து, அட்டவணையில் பார்த்து விழுக்காடு சொல்வார்கள். பரவலாகப் பயன்படும் அந்த அட்டவணை 1974-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 481 ஆண், பெண்களை அளந்து உருவாக்கியது. அங்கத்திய மக்களுக்கு அது நல்ல கருவி. நம் பிள்ளைகளின் கொழுப்பு உடலில் பரவியிருக்கும் முறையும், எலும்பும் தசையும் இருக்கும் அளவும் அதே போல் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதனாலேயே கவனமான ஆய்வாளர்கள் விழுக்காடாக மாற்றாமல், மடிப்புகளின் கூட்டுத்தொகையை மில்லிமீட்டரிலேயே எழுதுகிறார்கள். ‘உன் உடலில் 18 விழுக்காடு கொழுப்பு’ என்று ஒரு பதினாறு வயதுப் பெண்ணிடம் சொல்வதைவிட, ‘மூன்று மாதத்துக்கு முன் 62 மில்லிமீட்டர், இன்று 57’ என்று சொல்வது நேர்மையானது. அதுவும் ஒரே கை அளந்திருந்தால் மட்டுமே. ஒரு மாணவர் ஒரே ஆளை இருமுறை அளந்து, தம் கையின் பிழை எவ்வளவு என்று ஆய்வேட்டில் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். அந்தப் பிழையைவிடச் சிறிய மாற்றத்தை ‘முன்னேற்றம்’ என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறை குறியீட்டெண்ணில் (BMI) இந்தத் திருத்தம் ஏற்கெனவே நடந்துவிட்டது. ஒரே குறியீட்டெண்ணில் ஆசியர்களுக்கு, அதிலும் இந்திய வம்சாவளியினருக்கு, கொழுப்பு கூடுதலாக இருக்கிறது என்ற சான்று குவிந்தபின், 2004-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசிய மக்களுக்கு 23, 27.5 என்ற எச்சரிக்கைப் புள்ளிகளைச் சேர்த்தது. பல நாடுகளில் பல சிறிய ஆய்வுகள் தனித்தனியே அளந்து சொன்னதால்தான் அது நடந்தது.

யார் அளக்கப்படுகிறார்கள்

மாணவரின் ஆய்வுக்கு வருபவர் பெரும்பாலும் அவருடைய வகுப்புத் தோழர். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது, விளையாட்டில் ஆர்வமுள்ளவர், விடுதியில் சாப்பிடுபவர். ஆய்வின் தலைப்பிலோ ‘விளையாட்டு வீரர்கள்’ என்று இருக்கும். 2022-இல் ஓர் ஆய்வாளர் குழு, பயிற்சி நிலையை உட்கார்ந்தே இருப்பவர் முதல் உலகத் தரத்தவர் வரை ஆறு படிகளாகப் பிரித்துக் கொடுத்தது. அந்தப் படியைக் குறிப்பிடாத ஆய்வின் முடிவை புக்கிட் ஜாலிலில் தேசியப் பயிற்சியில் இருக்கும் ஒருவருக்குப் பொருத்தக் கூடாது. புதிதாகப் பயிற்சி தொடங்கியவருக்கு எந்தத் திட்டம் கொடுத்தாலும் எட்டு வாரத்தில் முன்னேறுவார். அதை அந்தத் திட்டத்தின் வெற்றி என்று எழுதிவிடுவது எளிது.

இளநீர் ஆய்வுகள் இரண்டிலும் பங்கேற்றவர்கள் ஆண்கள் மட்டுமே என்பதைக் கவனித்திருப்பீர்கள். இது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். 2014-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு, விளையாட்டு மருத்துவ இதழ்களின் 1,382 ஆய்வுகளைப் பார்த்ததில் பங்கேற்றவர்களில் பெண்கள் 39 விழுக்காடுதான். மாதவிடாய்ச் சுழற்சியால் அளவுகள் மாறும், கணக்கு சிக்கலாகும் என்பதே வழக்கமான சாக்கு. சிக்கலாகும் என்பது உண்மைதான். கருமுட்டை வெளியான பின் உடல் வெப்பம் ஏறத்தாழ 0.3 முதல் 0.5 டிகிரி உயர்கிறது. வெப்பத்தில் ஓடும் ஆய்வில் இது சின்ன விஷயம் இல்லை. அதனாலேயே அளக்க வேண்டும். 1966 ஆசியப் போட்டியில் 400 மீட்டர் தங்கம் வென்ற எம். ராஜமணியும், 1993-இல் 100 மீட்டரை 11.50 விநாடியில் ஓடிய ஜி. சாந்தியும் பிறந்த சமூகத்தில், பெண்களின் உடலைப் பற்றிய பயிற்சி அறிவு ஆண்களிடமிருந்து கடன் வாங்கியதாக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நடைமுறையில் வேண்டியவை சில: இதயத் துடிப்பை அளக்கும் மார்புப்பட்டை மாட்டவும் தோல்மடிப்பு அளக்கவும் பெண் ஒருவர், திரையிட்ட அறை, மகளைக் கூட்டிவரும் தாய்க்கு உட்கார ஒரு நாற்காலி. இவற்றைச் செய்துவைத்த ஆய்வுக்குப் பெண்கள் வருவார்கள்.

நம் வாழ்க்கைக்குள் இருக்கும் கேள்விகளும் யாரையோ காத்துக்கொண்டிருக்கின்றன. ரமலான் நோன்பின்போது விளையாட்டுத் திறன் எப்படி மாறுகிறது என்று ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். தைப்பூச விரதம் பற்றியோ? நாள்கணக்கில் மரக்கறி உணவு, ஒரு வேளைச் சாப்பாடு, பிறகு தோளில் காவடியோடு பத்துமலையின் 272 படிகளோ பினாங்குத் தண்ணீர்மலையின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளோ. சுமை தூக்கி நடப்பது பற்றி உலக இராணுவங்கள் நூறாண்டுக்கும் மேலாக ஆராய்ந்துவருகின்றன. மாமிசம் உண்ணாதவரின் தசையில், உடனடி ஆற்றலுக்கு உதவும் கிரியேட்டின் என்ற பொருளின் சேமிப்பு குறைவு என்பதும் தெரிந்ததே. பக்தியை ஆய்வுப்பொருளாக்குவதா என்று சிலர் தயங்கலாம். காவடி எடுப்பவரைத் தொடவே வேண்டாம். விரதத்துக்கு முன்னும் பின்னும், அவர் சம்மதத்தோடு, எடையும் கைப்பிடி வலுவும் இதயத் துடிப்பும் அளந்தாலே போதும். பால்குடம் எடுத்து நடக்கும் அம்மாக்களுக்கு எந்த நேரத்தில், எந்த இடத்தில் தண்ணீர்ப் பந்தல் வேண்டும் என்று சொல்ல அந்தத் தரவு உதவும்.

சம்மதம் என்ற சொல்லைப் போகிறபோக்கில் விட்டுவிட முடியாது. மனிதரை வைத்துச் செய்யும் எந்த ஆய்வுக்கும் நெறிக்குழு அனுமதி தேவை. பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குப் பெற்றோர் கையெழுத்தும், பள்ளிக்குள் நடத்தினால் கல்வி அமைச்சின் அனுமதியும் வேண்டும். பெற்றோர் தமிழ் மட்டுமே படிப்பவர் என்றால் சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும் என்று கேட்பது அவர் உரிமை. எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகலாம் என்ற வரி அதில் இருக்க வேண்டும். பயிற்றுநரே ‘நம் குழுவில் எல்லோரும் கலந்துகொள்ளுங்கள்’ என்று வரிசையில் நிறுத்திவிட்டால், அந்த வரிக்குப் பொருள் இல்லாமல் போகிறது. அணியில் இடம் பறிபோகுமோ என்று அஞ்சும் பிள்ளை எப்படி விலகும்?

நாளை ஒரு மாணவர் உங்கள் மன்றத்துக்கு வந்து எட்டு ஓட்டக்காரர்களைக் கேட்டால், கொடுங்கள். கொடுக்குமுன் சிலவற்றைக் கேளுங்கள். முதன்மையாக எதை அளக்கப் போகிறார், பழக்க அமர்வு உண்டா, அறையின் வெப்பமும் ஈரப்பதமும் என்ன, பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வாரா, அவர் கையின் அளவுப் பிழை எவ்வளவு. தடுமாறாமல் பதில் சொல்கிறவர் நன்றாகத் தயாரித்து வந்திருக்கிறார். சராசரியை மட்டும் அனுப்பினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். எட்டுப் பேரின் சராசரியால் உங்களுக்கு ஆகப்போவது சொற்பம். உங்கள் பெண்ணின் உச்சத் துடிப்பும் உங்கள் பையனின் வியர்வை அளவும்தான் அடுத்த வாரப் பயிற்சியில் பயன்படும். அவரவர் அளவுகளை அவரவரிடமோ பெற்றோரிடமோ தமிழில் விளக்கிக் கொடுத்துவிடும்படி முதல் நாளே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததும் மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு அந்தத் தாள்களைத் தேடிப் பிடிப்பது கடினம்.